சுருதி வைத்து சிந்தசைசர் பழகலாம்

கணினியில் இசை செய்யத் தொடங்கும் பலர் முதல் வாரத்திலேயே கைக்குக் கிடைத்த இலவச பிளக்-இன்களையெல்லாம் (இசை மென்பொருளுக்குள் ஓடும் துணைச் செயலிகள்) இறக்கிக் குவித்துவிடுகிறார்கள். மாதங்கள் கழித்தும் யாரோ செய்துவைத்த பிரீசெட்டைப் புரட்டிக்கொண்டேதான் இருப்பார்கள். சொந்தமாக ஒரு ஒலியைக்கூட உருவாக்கியிருக்க மாட்டார்கள். இது திறமைக் குறைவு அல்ல, தொடங்கிய இடம்தான் தவறு.

ஒலியை அடிப்படையிலிருந்தே உருவாக்கித் தரும் மென்பொருளான சிந்தசைசரில் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் முதலில் ஒரு சுருதியைச் செய்யுங்கள். சென்னையில் வளர்ந்த காதுக்கு தம்பூராவும் சுருதிப் பெட்டியும் புதிதல்ல. மயிலாப்பூரில் பாட்டு வகுப்புக்குப் போகிறவருக்கும் கோடம்பாக்கத்தில் கோரஸ் பாடுகிறவருக்கும் "எத்தனை கட்டை?" (சுருதி எது) என்ற கேள்வி உடனே புரியும். அந்தக் காதை வைத்தே ஆசிலேட்டர் (அலையை எழுப்புவது), ஃபில்டர் (அதைச் செதுக்குவது), என்வலப் (ஒலி எழுந்து அடங்கும் விதம்), எல்எஃப்ஓ (மெதுவாக ஆட்டும் அலை) என்ற நான்கையும் படித்துவிடலாம். அமெரிக்க நடன இசையை எடுத்துக்காட்டாக வைத்து நடத்தும் பாடங்களைவிட இந்த வழி நமக்கு விரைவாகப் பிடிபடும் என்பது என் உறுதியான எண்ணம்.

எதை இறக்குவது

சர்ஜ் எக்ஸ்டி. ஒரு காலத்தில் விலைக்கு விற்ற சிந்தசைசர் இது. 2018-இல் இதை எழுதியவரே மூல நிரலைத் திறந்து கொடுத்தார். அன்றிலிருந்து தன்னார்வலர்கள் வளர்த்து வருகிறார்கள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். கணக்கு திறக்க வேண்டாம், மின்னஞ்சல் தர வேண்டாம், காலக்கெடுவும் இல்லை. இதில் செய்த இசையை விற்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். தாராளமாக விற்கலாம். சர்ஜ் வெளியாகும் ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமம் மென்பொருளின் நிரலைப் பற்றியது, நீங்கள் அதில் உருவாக்கும் பாட்டைப் பற்றியது அல்ல.

இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. விலை உயர்ந்த சிந்தசைசர்களின் 'கிராக்' பிரதியைப் பென்டிரைவில் கொடுக்க யாராவது ஒரு நண்பர் இருப்பார். வாங்காதீர்கள். அந்தக் கோப்புகளோடு வரும் வைரஸ், வீட்டில் வங்கிக் கணக்கு பார்க்கும் அதே லேப்டாப்பில்தான் உட்காரும். இவ்வளவு நல்ல சிந்த் சட்டப்படி இலவசமாகக் கிடைக்கும்போது அந்த ஆபத்து எதற்கு? இறக்கும்போது சர்ஜ் குழுவின் சொந்தப் பக்கத்திலிருந்தே இறக்குங்கள். இலவச மென்பொருள் குவித்து வைத்திருக்கும் இடைத்தளங்கள் வேண்டாம்.

நிறுவும்போது இரண்டு வடிவங்கள் சேர்ந்து வரும். ஒன்று தனியாகத் திறக்கும் செயலி. மற்றொன்று, பாட்டைப் பதிந்து அடுக்கும் மென்பொருளான டிஏடபிள்யூவுக்குள் ஓடும் பிளக்-இன். ஆரம்பத்துக்குத் தனிச் செயலியே போதும். டிஏடபிள்யூ எது என்ற கவலையைப் பிறகு பார்ப்போம்.

ஒலி தாமதம் இல்லாமல் வர

கட்டையை அழுத்திக் கொஞ்ச நேரம் கழித்து ஒலி வந்தால் யாராலும் வாசிக்க முடியாது. இதைத்தான் லேட்டன்சி என்கிறார்கள். செயலியின் ஆப்ஷன்ஸில் ஆடியோ செட்டிங்ஸைத் திறந்தால் 'பஃபர் சைஸ்' என்று ஒரு எண் இருக்கும். சாம்பிள் ரேட் 44,100 ஆக இருக்கும்போது பஃபர் 1024 என்றால் 23 மில்லி விநாடி தாமதம், 512 என்றால் ஏறக்குறைய 12, 256 என்றால் ஏறக்குறைய 6. டிரைவரும் ஒலி அட்டையும் இதற்கு மேல் கொஞ்சம் சேர்க்கும். 256-இல் தொடங்குங்கள். பொட்டுப் பொட்டென்று வெடிப்புச் சத்தம் கேட்டால் 512-க்கு ஏற்றுங்கள்.

விண்டோஸில் 'டிவைஸ் டைப்' என்ற இடத்தில் எக்ஸ்க்ளூசிவ் மோட் கொண்ட விண்டோஸ் ஆடியோவைத் தேர்ந்தெடுத்தால் தாமதம் நன்றாகக் குறையும். அந்த நேரத்தில் யூடியூப் போன்ற பிற ஒலிகள் கேட்காது. பழுது என்று நினைத்துவிட வேண்டாம். பிறகு டிஏடபிள்யூவுக்குப் போகும்போது ஏசியோ4ஆல் என்ற இலவச டிரைவர் இதே வேலையைச் செய்யும். மேக்கில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

புளூடூத் ஹெட்போனைக் கழற்றி வையுங்கள். அதன் தாமதம் பெரும்பாலும் 100 மில்லி விநாடிக்கு மேல் போகும், எந்த செட்டிங்கை மாற்றினாலும் சரியாகாது. வயர் உள்ள சாதாரண ஹெட்போன் ஒன்றும், வேண்டுமானால் ஒரு யூஎஸ்பி ஒலி அட்டையும் போதும். இரண்டும் ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும். ஹெட்போனில் 'ஹம்' என்று ஓர் உறுமல் கேட்டால் சார்ஜரை எடுத்துவிட்டு பேட்டரியில் ஓடவிட்டுப் பாருங்கள். உறுமல் நின்றுவிட்டால் குறை சிந்தில் இல்லை, வீட்டு எர்த்திலோ சார்ஜரிலோ இருக்கிறது. மே மாத மதியத்தில் லேப்டாப் சூடேறி வேகத்தைக் குறைத்துக்கொள்வதும் வெடிப்புச் சத்தத்துக்குக் காரணமாகலாம். லேப்டாப்பை மெத்தை மேல் வைக்காமல் பலகை மேல் வையுங்கள்.

கணினியில் இணைத்து வாசிக்கும் மிடி கீபோர்ட் உடனே வேண்டியதில்லை. சர்ஜின் அடியில் தெரியும் திரைக் கட்டைகளை மவுஸால் அழுத்தினாலே இந்தப் பாடத்துக்குப் போதும். பின்னால் வாங்க நினைத்தால் மவுண்ட் ரோட்டில் 1842 முதல் இருக்கும் மியூசி மியூசிக்கல் மாதிரியான கடைக்கு நேரில் போய், கட்டைகளை விரலால் அழுத்திப் பார்த்து வாங்குங்கள். 25 கட்டை உள்ள சிறியது போதும், ஆனால் சுரத்தை ஏற்றி இறக்கும் பிட்ச் பெண்ட் சக்கரம் கட்டாயம் இருக்க வேண்டும். ஏன் என்பது கமகத்துக்கு வரும்போது புரியும்.

முதல் ஒலி: ஒரு கட்டை சுருதி

சர்ஜின் பேட்ச் (சேமித்துவைத்த ஒலி அமைப்பு) பட்டியலில் 'டெம்ப்ளேட்ஸ்' என்ற பிரிவைத் திறந்து 'இனிட் சா'வைத் தேர்ந்தெடுங்கள். நடு சி-யை அழுத்தினால் கரகரவென்று மொட்டையாக ஒரு ஒலி வரும். இதுதான் ரம்பப் பல் அலை. இதில் அடிப்படைச் சுரத்தோடு, அதன் அதிர்வெண்ணைப்போல் 2, 3, 4 மடங்கு என்று மேலே போகும் தொடர்கள் எல்லாம் அடங்கியிருக்கின்றன. வேண்டாததைச் செதுக்கி எடுப்பதே நம் வேலை. 1970-இல் வந்த மினிமூக் காலத்திலிருந்து இன்றுவரை இந்த முறையில் அடிப்படையான மாற்றம் எதுவும் இல்லை.

அழுத்திய விரலை எடுத்தாலும் ஒலி நிற்காமல் இருக்க, 'பிளே மோட்' என்ற இடத்தில் 'லேட்ச்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். நடு சி-யை ஒருமுறை அழுத்துங்கள். இனி அதுவே நம் ஸ. ஒரு கட்டை.

தம்பூராவின் நான்கு தந்திகளில் கேட்பது மூன்று சுரங்கள்தான்: மந்தர ப, நடு ஸ, கீழ் ஸ. சர்ஜில் சீன் என்ற ஒவ்வொரு ஒலி அடுக்கிலும் மூன்று ஆசிலேட்டர்கள் இருப்பது நமக்கு மிகப் பொருத்தம். முதல் ஆசிலேட்டர் ஸ, அதைத் தொட வேண்டாம். மிக்ஸர் பகுதியில் இரண்டாவதன் மியூட்டை நீக்கி, அதன் பிட்சை மைனஸ் 5 என்று வையுங்கள். இது ஸ-வுக்குக் கீழே உள்ள ப. மூன்றாவதன் மியூட்டையும் நீக்கி, ஆக்டேவை மைனஸ் 1 ஆக்குங்கள். இது கீழ் ஸ.

இப்போது மூன்றாவதை மீண்டும் மியூட் செய்துவிட்டு, ஸ-வையும் ப-வையும் மட்டும் கவனமாகக் கேளுங்கள். விநாடிக்கு ஏறக்குறைய ஒருமுறை ஒலி மெல்ல அலையடிக்கும். சுருதி சேராத தம்பூராவில் கேட்கும் அதே அலை. கீபோர்டின் 12 சுரங்களும் சம இடைவெளியில் வெட்டப்பட்டவை. அதனால் அதன் ப, இயற்கையான ப-விலிருந்து 2 சென்ட் விலகி நிற்கிறது. ஒரு சென்ட் என்பது ஒரு அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு. இரண்டாவது ஆசிலேட்டரின் பிட்ச் மேல் வலது கிளிக் செய்து மைனஸ் 4.98 என்று தட்டச்சு செய்யுங்கள். அலை அடங்கிவிடும். ஸ-வும் ப-வும் ஒன்றாகப் படியும். உங்கள் காது ஏற்கெனவே அறிந்த ஒன்றை எண்ணாகப் பார்த்துவிட்டீர்கள். சிந்தசைசர் பழகுவது என்றால் பெரும்பாலும் இதுதான்.

அடுத்து ஃபில்டர். ஃபில்டர் 1-ஐ 'லோபாஸ் 12 டிபி' என வையுங்கள். எந்த அதிர்வெண்ணுக்கு மேல் வெட்டுவது என்று சொல்லும் கட்ஆஃப் ஸ்லைடரைக் கீழே இறக்க இறக்கக் கரகரப்பு போய் ஒலி மிருதுவாகும். இங்கே ஒரு சோதனையைத் தவறாமல் செய்யுங்கள். மூன்றாவது ஆசிலேட்டரை மட்டும் ஒலிக்க விட்டு மற்ற இரண்டையும் மியூட் செய்யுங்கள். கட்ஆஃப் நிற்கும் இடத்தைத் தூக்கிக் காட்டும் ரெசோனன்ஸை 70 சதவீதம் வரை ஏற்றுங்கள். கட்ஆஃபை 200 ஹெர்ட்ஸிலிருந்து மிக மெதுவாக மேலே நகர்த்துங்கள். 262-ஐ நெருங்கும்போது ஸ எழும். 392-இல் ப. 523-இல் மேல் ஸ. 654-இல் அந்தர காந்தாரம் தெளிவாகக் கேட்கும். நீங்கள் அழுத்தியிருப்பது ஒரே ஒரு கட்டைதான்; காந்தாரத்தை யாரும் வாசிக்கவில்லை. நன்றாகச் சுருதி சேர்ந்த தம்பூராவில் தானாக எழுகிறது என்று வித்வான்கள் சொல்லும் காந்தாரம் இதுவே, கீழ் ஸ-வின் ஐந்தாவது தொடர். தம்பூராவில் பாலத்தின் மேல் தந்திக்கு அடியில் வைக்கும் ஜீவாளி நூலை நகர்த்தி இந்தத் தொடர்களை வெளியே கொண்டுவருகிறார்கள். இங்கே அந்த வேலையை ரெசோனன்ஸ் செய்கிறது.

இந்தச் சோதனைக்கு ஒரு மாலைப்பொழுதையே ஒதுக்கினாலும் தகும். ஃபில்டர் என்பதைப் பக்கம் பக்கமாக விளக்குவதைவிட இது அதிகம் சொல்லிக்கொடுக்கும்.

மூன்று ஆசிலேட்டர்களையும் மீண்டும் திறந்து, ரெசோனன்ஸை 30 சதவீதத்துக்கு இறக்கி, கட்ஆஃபை 700 ஹெர்ட்ஸ் அளவில் வையுங்கள். இனி எல்எஃப்ஓ. காதுக்கு எட்டாத மெதுவான ஒரு அலை, உங்கள் கைக்குப் பதிலாக ஸ்லைடரை ஆட்டிக்கொண்டிருக்கும். எல்எஃப்ஓ 1-ஐ சைன் வடிவத்தில், 0.2 ஹெர்ட்ஸ் வேகத்தில் வையுங்கள். ஐந்து விநாடிக்கு ஒரு சுற்று. அதன் பெயரை இன்னொருமுறை கிளிக் செய்தால் இணைக்கும் நிலைக்கு வரும். அந்த நிலையில் கட்ஆஃப் ஸ்லைடரைக் கொஞ்சம் இழுத்துவிட்டு, மறுபடி கிளிக் செய்து வெளியே வந்துவிடுங்கள். தொடர்கள் ஒவ்வொன்றாக எழுந்து அடங்கும். கடைசியாக ஆம்ப் என்வலப்பில் அட்டாக்கை ஒரு விநாடி, ரிலீஸை மூன்று விநாடி, சஸ்டெய்னை முழுதாக வைத்தால் ஒலி மெதுவாக எழுந்து மெதுவாக அடங்கும்.

இதற்கு ஒரு பெயர் கொடுத்து சேவ் செய்யுங்கள். இதை வைத்து காலையில் சாதகமே பண்ணலாம். ஐந்து கட்டையில் பாடுகிறவர்கள் ஜி-யை அழுத்தினால் போதும், மூன்று ஆசிலேட்டரும் சேர்ந்து நகரும்.

காந்தாரம் ஏன் உறுத்துகிறது

சுருதியை ஓடவிட்டு, போனில் ஏதாவது கீபோர்ட் செயலியில் ஈ கட்டையை அழுத்திப் பாருங்கள். ஃபில்டரில் கேட்ட காந்தாரத்தோடு இது சேராது. கீபோர்டின் காந்தாரம் 14 சென்ட் உயர்ந்திருக்கிறது. ப-வில் 2 சென்ட் விலகலையே கேட்க முடிந்தது என்றால் இது எவ்வளவு பெரிது என்று பாருங்கள்.

விலை கொடுத்து வாங்கும் பல சிந்துகளில்கூட இதற்கு வழியில்லை. சர்ஜில் இருக்கிறது. ஸ்காலா என்ற சுர அளவுக் கோப்பை அது படிக்கும். அந்தக் கோப்பை நோட்பேடிலேயே நீங்கள் எழுதிவிடலாம். முதல் வரியில் ஏதாவது ஒரு பெயரை ஆங்கில எழுத்தில் எழுதுங்கள். இரண்டாவது வரியிலிருந்து இப்படி:

12
16/15
9/8
6/5
5/4
4/3
45/32
3/2
8/5
5/3
9/5
15/8
2/1

எஸ்சிஎல் என்ற மூன்றெழுத்து நீட்சியோடு சேமித்து, கோப்பை மவுஸால் இழுத்து சர்ஜின் திரைமேல் போடுங்கள். அவ்வளவுதான். நடு சி ஸ-வாக நிற்க, மற்ற கட்டைகள் எல்லாம் அதற்கு இசைந்த இடத்துக்குப் போய்விடும். (சுருதி பேட்சில் மைனஸ் 4.98 என்று நாம் கையால் செய்ததைத்தான் 3/2 என்ற வரி செய்கிறது.) இந்தப் பின்னங்களில் சிலவற்றைப் பற்றி, குறிப்பாக ரிஷபம், நிஷாதம் பற்றி, இசை அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. உங்கள் ஆசிரியர் பாடும் நிஷாதம் வேறாகக் கேட்டால் அந்த வரியை மாற்றி எழுதுங்கள். கோப்பு உங்களுடையது.

ஸ-வை சி அல்லாத கட்டையில் வைக்க கேபிஎம் என்ற இன்னொரு கோப்பு வேண்டும். அதை முதல் மாதம் தொட வேண்டாம். ஒரு கட்டையிலேயே பழகுங்கள்.

பாடும் ஒரு ஒலி

இப்போது சுருதியின் மேல் வாசிக்க ஒரு ஒலி. நாதஸ்வரத்தை அப்படியே கொண்டுவர வேண்டும் என்று பலர் முதல் வேலையாக முயல்கிறார்கள். அது சிந்தில் செய்யக் கடினமான ஒலிகளில் ஒன்று, சலிப்புதான் மிஞ்சும். நாதஸ்வரம் எப்படி ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகிறது என்பதைக் கொண்டுவரப் பாருங்கள். அது முடியும்.

'இனிட் சைன்' பேட்சை எடுங்கள். பிளே மோடை 'மோனோ எஸ்டி பிளஸ் எஃப்பி' என்று மாற்றுங்கள். இதில் ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் ஒலிக்கும். ஒரு கட்டையை விடாமல் அடுத்ததை அழுத்தினால் ஒலி வழுக்கிப் போகும், விட்டு அழுத்தினால் நேராகப் பிடிக்கும். வழுக்கும் நேரமான போர்ட்டமென்டோவை 80 மில்லி விநாடி அளவில் தொடங்கி, காதுக்குத் தகுந்தபடி கூட்டிக் குறையுங்கள். இந்த ஒரே மாற்றத்தில் கீபோர்ட் தன்மை போய்க் குரலின் தன்மை வரும்.

வாசிக்க மோகனத்தை எடுங்கள்: சி, டி, ஈ, ஜி, ஏ. ஐந்து சுரம்தான், வெறும் கட்டையில் வாசித்தாலும் ராகம் அடையாளம் தெரியும். தோடியில் தொடங்காதீர்கள். அதன் காந்தாரம் ஒரு இடத்தில் நிற்கும் சுரமே அல்ல.

கமகத்துக்குத்தான் பிட்ச் பெண்ட் சக்கரம். சக்கரத்தின் எல்லை வழக்கமாக மேலே 2 அரைச்சுரம், கீழே 2 அரைச்சுரம். மோகனத்தின் ரி-யிலிருந்து க-வுக்கு இழுக்க அது சரியாகப் போதும். சக்கரம் இல்லாதவர்கள் டிஏடபிள்யூவில் பிட்ச் பெண்ட் கோட்டை மவுஸால் வரையலாம். வரையும்போது ஒன்றைக் கவனியுங்கள்: நேர்கோடாக ஏற்றி இறக்கினால் சைரன் மாதிரி கேட்கும். குரல் இரண்டு முனைகளிலும் கொஞ்சம் தங்கி, நடுவில் வேகமாகக் கடக்கிறது. கோட்டையும் அப்படியே வளையுங்கள்.

எல்எஃப்ஓவைப் பிட்ச்சில் இணைத்துவிட்டால் கமகம் வந்துவிடும் என்று சொல்லும் காணொளிகளை நம்பாதீர்கள். எல்எஃப்ஓ ஒரே வேகத்தில், ஒரே அகலத்தில் ஆடும். ஒரு கமகமும் அப்படி ஆடுவதில்லை.

கானாவுக்கோ குத்துக்கோ பேஸ் வேண்டுமென்றால் இதே சைன் பேட்சை லேட்சில்லாமல் கீழே இறக்கி, ஆம்ப் என்வலப்பில் ஒலி தணியும் நேரமான டிகேயை அரை விநாடிக்குக் குறைத்து, சஸ்டெய்னைப் பூஜ்யமாக்குங்கள். ஃபில்டர் என்வலப்பைப் பிட்ச்சில் இணைத்து, அதன் டிகேயை மிகக் குறுக்கினால் தொடக்கத்தில் ஒரு குத்து விழும். 50 ஹெர்ட்ஸ் ஒலி லேப்டாப் ஸ்பீக்கரில் கேட்காது. ஹெட்போனில் கேட்டு முடிவு செய்யுங்கள். அலையின் வடிவத்தை மாற்றும் வேவ்ஷேப்பரைக் கொஞ்சம் திறந்தால் மேல் தொடர்கள் சேர்ந்து போன் ஸ்பீக்கரிலும் பேஸ் பிடிபடும்.

இரண்டாவது சிந்த் எப்போது

சர்ஜில் பத்துப் பதினைந்து ஒலிகளை இனிட்டிலிருந்து நீங்களே செய்த பிறகு. அப்போது டெக்ஸ்டை எடுங்கள். 1983-இல் வந்த யமஹா டிஎக்ஸ்7-ஐக் கணினியில் கொண்டுவரும் இலவச சிந்த் இது. 1967-இல் ஸ்டான்ஃபோர்டில் ஜான் சௌனிங் கண்ட எஃப்எம் முறையில் இயங்குகிறது: ஒரு அலை இன்னொரு அலையின் அதிர்வெண்ணை ஆட்டுகிறது. டிஎக்ஸ்7-இல் செதுக்கும் ஃபில்டர் கிடையாது. ஆறு ஆபரேட்டர் (ஒவ்வொன்றும் ஒரு அலை), அவற்றை இணைக்க 32 அல்காரிதம் என்று முதலில் மலைப்பாக இருக்கும். இரண்டே ஆபரேட்டரை மட்டும் விட்டு மற்ற நான்கையும் அணைத்துவிட்டுத் தொடங்குங்கள். ஆட்டும் ஆபரேட்டரின் விகிதத்தை 1-லிருந்து 14-க்கு மாற்றிப் பாருங்கள். எண்பதுகளின் மின் பியானோவில் கேட்ட மணி ஒலி வரும். மீட்டும் ஒலி, மணி, கிண்கிணி எல்லாவற்றுக்கும் டெக்ஸ்ட் மிகச் சிறந்தது, பழைய லேப்டாப்பிலும் லேசாக ஓடும்.

2020-இல் வந்த வைட்டலும் நல்லதே. ஒலி நகர்வதைத் திரையில் கண்ணால் பார்க்கலாம் என்பது கற்பவருக்குப் பெரிய உதவி. அடிப்படைப் பதிப்பு இலவசம், ஆனால் கணக்கு திறக்க வேண்டும். கிராபிக்ஸ் பலம் குறைந்த கணினியில் திணறலாம்.

பாட்டாக அடுக்க

டிஏடபிள்யூவில் ஒரு எச்சரிக்கை. இலவசம் என்றாலே எல்எம்எம்எஸ் என்றுதான் முதலில் சொல்வார்கள். அதன் 1.2 பதிப்பு விஎஸ்டி3 வடிவப் பிளக்-இன்களைத் திறக்காது, சர்ஜ் எக்ஸ்டியோ விஎஸ்டி2 வடிவத்தில் வருவதில்லை. இரண்டும் சேராது. விண்டோஸிலும் லினக்ஸிலும் வேவ்ஃபார்ம் ஃப்ரீயை எடுங்கள். மேக்கில் கராஜ்பேண்ட் ஏற்கெனவே இருக்கும். ரீப்பரை 60 நாள் சோதிக்கலாம், அதற்குப் பிறகு அதற்கு விலை உண்டு.

பிளக்-இன் பட்டியலில் சர்ஜ் தெரியவில்லை என்றால் டிஏடபிள்யூவை மறுபடி 'ஸ்கேன்' செய்யச் சொல்லுங்கள். விண்டோஸில் விஎஸ்டி3 கோப்புகள் சி டிரைவில் புரோகிராம் ஃபைல்ஸுக்குள், காமன் ஃபைல்ஸுக்குள் இருக்கும் விஎஸ்டி3 ஃபோல்டரில் போய் உட்காரும். முதல் டிராக்கில் சுருதி, இரண்டாவதில் மோகனம், மூன்றாவதில் பேஸ். கணினி திணறினால் முடித்த டிராக்கை 'ஃப்ரீஸ்' செய்யுங்கள். சிந்த் ஓடுவது நின்று, அதன் ஒலி மட்டும் பதிவாக ஓடும்.

நீங்கள் சேவ் செய்யும் பேட்சுகள் டாக்குமென்ட்ஸில் சர்ஜ் எக்ஸ்டி என்ற ஃபோல்டருக்குள் சேரும். ஸ்காலா கோப்பையும் அங்கேயே வைத்து, அந்த ஃபோல்டரை வாரம் ஒருமுறை பென்டிரைவிலோ கூகுள் டிரைவிலோ நகலெடுத்துவிடுங்கள். கணினி மாறினாலும் சர்ஜை நிறுவி இந்த ஃபோல்டரை அதே இடத்தில் போட்டால், விட்ட சுருதியிலிருந்தே தொடரலாம்.